பராக்கு பார்க்கப் பழகுவது எப்படி? இசையோடு சும்மா இருக்க ஒரு வழிகாட்டி

"என்ன பராக்கு பார்த்துக்கிட்டு நிக்கிற?" பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் இந்தத் திட்டை வாங்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. இப்போது அந்த வார்த்தையே காதில் விழுவதில்லை. வரிசையில் நிற்கும் பத்துப் பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தென்பெண்ணையைத் தாண்டினால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அப்புறம் சுண்ணாம்பாற்றுப் பாலம், அரியாங்குப்பம். ஊர்ப் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் சுண்ணாம்பாற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதா வடிந்திருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. பல மாதங்களாக அந்த ஆற்றை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஒரு வைகாசி முகூர்த்த நாள் மாலை, அரியாங்குப்பத்தில் பஸ் நெரிசலில் மாட்டி நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. நாகஸ்வரக்காரர் தனக்காகவே வாசிப்பதுபோல ஒரு ராகத்தை நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார். தவில் இல்லை. பின்னால் ஒத்து மட்டும் ஒரே சுரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பியபோது மணி பார்த்தேன், இருபது நிமிடம் போயிருந்தது. அந்த இருபது நிமிடமும் பண்ருட்டிப் பக்கம் பெரியம்மா வீட்டுக் களத்தில் இருந்திருக்கிறேன். மல்லாட்டை (நிலக்கடலை) காய்கிற வாசனைகூட மூக்கில் இருந்தது. பெரியம்மாவைப் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டேன். கேட்ட நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஒரு முறையும் அமைந்துவிட்டது. இதற்குச் சங்கீத ஞானம் வேண்டாம், ராகத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டாம், தியானம் கற்றிருக்கவும் வேண்டாம். பதினைந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் போதும்.

தொடங்கும் முன்

சும்மா உட்கார்வது கடினம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்தித் தனக்குத் தானே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பட்டனை அழுத்தினார்கள். அந்த அதிர்ச்சி எப்படி இருக்கும் என்று முன்பே பார்த்து, காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று சொன்னவர்கள் அவர்கள். ஆகவே முதல் நாள் ஐந்தாவது நிமிடத்தில் எழுந்துவிட்டால், உங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. மார்கஸ் ரெய்க்லே என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2001இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். குறிப்பான வேலை எதுவும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குகின்றன. பழைய நினைவு, நாளைய யோசனை, இன்னொருவர் மனதில் என்ன இருக்கும் என்ற ஊகம் எல்லாம் அந்தப் பகுதிகளோடு தொடர்புள்ளவை. பெரியம்மா வீட்டுக் களம் எனக்கு வந்ததும் அந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். ஐந்து நொடி கிடைத்தாலும் போனை எடுத்துவிடும்போது நாம் அடைப்பது இந்த வழியைத்தான்.

சரி, இதற்கு இசை எதற்கு? கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் படகுகளைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். தண்ணீரின் போக்கில் படகு ஆடும், திரும்பும், கொஞ்சம் விலகும், மறுபடி வரும். அடித்துக்கொண்டு போகாது. வெறும் மௌனத்தில் உட்காரும் புதியவருக்கு அந்தக் கயிறு இல்லை. நேற்றைய சண்டையும் நாளைய கரண்ட் பில்லும் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். இசை இருந்தால் மனம் அலையும், ஆனால் கேட்கிற சுரத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

முதல் படி: போனைப் பாட்டுப்பெட்டி ஆக்குங்கள்

கேட்கப்போவதை முந்தின நாளே பதிவிறக்கம் செய்து வையுங்கள். கேட்கும்போது போன் ஏரோபிளேன் மோடில் இருக்க வேண்டும். ஆலாபனை (ஒரு ராகத்தை நிதானமாக விரித்து வாசிப்பது) மேல் ஸ்தாயியைத் தொடுகிற நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி உள்ளே போக முடியாது. ஒன்று முடிந்ததும் தானாக அடுத்தது ஓடுகிற வசதியையும் நிறுத்திவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இதைவிட நல்ல வழி, வீட்டில் கிடக்கும் பழைய பட்டன் போன். ஒரு மெமரி கார்டில் ஒரே ஒரு ஆலாபனையை ஏற்றி அதில் போட்டுவிடுங்கள். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் கேட்கிறேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது என்பதே பெரிய உதவி. வீட்டில் நல்ல ரேடியோ இருந்தால் புதுச்சேரி வானொலியையும் முயன்று பாருங்கள். ஆனால் அங்கே எது எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

இரண்டாம் படி: எதைக் கேட்பது

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

சொற்கள் இல்லாத இசையில் தொடங்குங்கள். சினிமாப் பாட்டு எனக்கும் உயிர்தான். ஆனால் பாட்டு தொடங்கியதுமே படத்தின் காட்சி வந்துவிடும், நடிகர் முகம் வந்துவிடும், அடுத்த வரியை வாய் முணுமுணுக்கும். அது வேறொருவர் கண்ட கனவு. உங்கள் கனவுக்கு அதில் இடம் குறைவு. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுச் சொற்களே கரைந்துபோன ஒரு பழைய பாட்டு என்றால் அது வேறு. அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாளைக்குத் தம்புரா மட்டும் போதும். தம்புரா ஒலிக்கென்றே செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகள். ஒன்றன்பின் ஒன்றாக மீட்டியபடியே இருக்கும், வேறு எதுவும் நடக்காது. நிஜத் தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் நடுவே ஜீவாளி என்று ஒரு சிறு நூல் வைப்பார்கள். அந்த வண்டின் ரீங்காரம் போன்ற ஒலி அதனால்தான் வருகிறது. உற்றுக் கேட்டால் மீட்டாத சுரங்கள்கூட உள்ளே கேட்கத் தொடங்கும். ஐந்து நிமிடம் கேளுங்கள். சலிப்பு வரும், வரட்டும். சலிப்பைத் தாண்டித்தான் பகற்கனவுக்கு வழி.

நான்காம் நாள் ஆலாபனைக்கு வாருங்கள். வீணையோ புல்லாங்குழலோ நாகஸ்வரமோ, உங்களுக்குப் பிடித்தது எதுவும் சரி. ஆலாபனையில் தாளம் இல்லை, சாகித்தியம் என்ற பாட்டு வரிகளும் இல்லை. தாளம் இல்லாததால் மனம் கணக்குப் போடுவதை விட்டுவிடுகிறது. அதே சமயம் அது கண்டபடி அலைவதும் இல்லை. கீழே தொடங்கி, ஒவ்வொரு சுரமாகத் தங்கித் தங்கி மேலே ஏறி, மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ') நின்று, மெல்ல இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இதே பாதையில் நம் மனமும் போய்விட்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவில் எங்கோ தொலைந்து, ராகம் இறங்கும்போது நாமும் வீடு திரும்பியிருப்போம்.

ராகம் கேட்டால் நான் சொல்வது சஹானா, ஆனந்தபைரவி, யதுகுலகாம்போதி, ரீதிகௌளை. இரவுக்கு நீலாம்பரி. தாலாட்டுக்கு உரிய ராகம் அது, கோயில்களில் அர்த்தஜாமத்தில் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும்போது வாசிப்பதும் அதைத்தான். கதனகுதூகலம் மாதிரித் துள்ளி ஓடுகிற ராகங்கள் இந்த வேலைக்கு ஒத்துவராது. அவை நம்மை எழுப்பி நடக்க வைப்பவை.

சோகமான இசை வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. மகிழ்ச்சியான இசையைவிட மெதுவான சோக இசை கேட்கும்போது மனம் அதிகமாக உள்நோக்கி அலைகிறது என்று 2017இல் ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு சொன்னது. என் அனுபவமும் அதுவே. ஆனால் உங்கள் வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால், அல்லது மனம் ஏற்கெனவே கனத்திருந்தால், தம்புராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு, அந்த ஒன்றையே இரண்டு வாரம் கேளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடியுங்கள். தினம் ஒரு புது இசை என்றால் காது அதை ஆராய்ந்துகொண்டே இருக்கும். "இது நல்லா இருக்கே, அது யார் வாசிச்சது" என்று தேடப் போய்விடுவோம். நாலைந்து நாள் கேட்டது பழகிய தெரு மாதிரி. கால் தானே நடக்கும், மனம் சுதந்திரமாகத் திரியும்.

வாய்ப்புள்ளவர்கள் நேரில் கேளுங்கள். சிதம்பரத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் கோயிலில் நாகஸ்வரம் கேட்டவாறு பிராகாரத்தில் உட்கார்ந்த நேரங்கள் எனக்குப் பெரிய சொத்து. பல சிறிய கோயில்களில் இப்போது பட்டனைத் தட்டினால் முரசும் மணியும் அடிக்கிற மின்சார இயந்திரம் வந்துவிட்டது. அது தொடங்கினால் ஒரு நினைவும் நிற்காது. வாசிக்க ஆள் இருக்கும் கோயிலாகத் தேடிப் போங்கள். அவர் வாசித்து முடித்ததும் ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

கடல் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதில் குறை இல்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. ஆனால் காந்தி சிலைப் பக்கம் சனி ஞாயிறில் திருவிழாக் கூட்டம். வார நாளில் போங்கள், அல்லது விடியற்காலையில் போங்கள். கருங்கற்கள் மேல் ஏற வேண்டாம், சுவரிலோ பெஞ்சிலோ உட்காருங்கள். பகலில் என்றால் பாரதி பூங்கா, தாவரவியல் பூங்காவின் பெரிய மரங்கள். பூசை இல்லாத நேரத்தில் ரயில் நிலையம் அருகே உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவின் உள்ளே குளுமையாக உட்காரலாம். பசிலிக்காவுக்குள் இயர்போன் வேண்டாம், வீட்டிலேயே கேட்டுவிட்டு வந்து அமைதியை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, ஞாயிறு மாலை தவிர.

கடற்கரையில் கேட்பவர்களுக்கு ஓர் அளவுகோல்: இசைக்கு மேலே அலைச்சத்தம் கேட்க வேண்டும். அலை கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறையுங்கள். காதுக்கும் அதுவே நல்லது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் இருப்பவரின் மௌனத்தைக் கலைக்காதீர்கள். வண்டி ஓட்டும்போதோ, தண்டவாளம் ஓரமாகவோ, சாலையைக் கடக்கும்போதோ இது கூடவே கூடாது.

எங்கும் போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. கோடையில் வெக்கை இறங்கிய பிறகு பாயை விரித்துப் படுத்துக் கேளுங்கள். பசியோடு உட்காராதீர்கள், வயிறு முட்டவும் வேண்டாம்.

நான்காம் படி: கேட்கும்போது

கைகள் சும்மா இருக்க வேண்டும். கீரை ஆய்ந்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே கேட்பது நல்ல விஷயம்தான், நானும் செய்கிறேன். ஆனால் நாம் இப்போது பேசுவது அதைப் பற்றி இல்லை. கையைத் தொடைமேல் வைத்துவிடுங்கள். கண்ணை மூட வேண்டிய கட்டாயம் இல்லை. விட்டத்தைப் பாருங்கள், தென்னங்கீற்றைப் பாருங்கள், கடலைப் பாருங்கள். எழுத்து உள்ள எதையும் பார்க்காதீர்கள், விளம்பரப் பலகை உட்பட.

முதல் இரண்டு மூன்று நிமிடம் இசையை மட்டும் கவனியுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள். மனம் எங்கே போனாலும் திட்டாதீர்கள். மூச்சை எண்ணவும் வேண்டாம். ரொம்ப தூரம் போய்விட்டதாகத் தோன்றினால், பின்னால் ஒலிக்கிற சுருதியைத் தேடுங்கள். அது அங்கேயே இருக்கும்.

நடுவில் நல்ல யோசனை வரும், யாருக்கோ போன் செய்ய வேண்டியது நினைவுக்கு வரும். எழுந்து குறித்துக்கொள்ளாதீர்கள். முக்கியமானது திரும்பி வரும்.

புதுச்சேரியில் இதைவிடப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். ஊருக்கு மேற்கே ஒரு மாஞ்சோலையில் குயிலின் பாட்டைக் கேட்டதில் தொடங்கிப் போன பிறவி வரைக்கும் ஒரு கதை விரிகிறது, அவருடைய 'குயில் பாட்டு' என்ற காவியத்தில். கடைசியில் கண்விழித்துப் பார்த்தால் எழுதுகோலும் பத்திரிகைகளும் பழைய பாயுமாகத் தன் வீட்டிலேயே இருக்கிறார். மாலை அழகின் மயக்கத்தில் தோன்றிய கற்பனை என்று அவரே சொல்லிவிடுகிறார். ஒரு பறவையின் குரலைக் காது கொடுத்துக் கேட்டு மனதைப் போகவிட்டதில் தமிழுக்கு அவ்வளவு கிடைத்தது. நமக்குக் காவியம் வர வேண்டாம். பெரியம்மா நினைவுக்கு வந்தால் போதும்.

ஐந்தாம் படி: இசை நின்ற பிறகு

தானாக அடுத்தது ஓடுகிற வசதியை நிறுத்தச் சொன்னேனே, அது இதற்காகத்தான். கடைசி சுரம் ஓய்ந்த பிறகு இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 24 பேருக்குப் பலவகை இசையைப் போட்டு இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வில், இசைகளுக்கு நடுவே விட்ட 2 நிமிட மௌனத்தில்தான் அளவுகள் அதிகமாகத் தணிந்தன. இசை கேட்கத் தொடங்கும் முன் இருந்ததைவிடவும் கீழே இறங்கின. அதாவது, உடம்பு அடங்குவது இசை ஓய்ந்த இடத்தில். அந்த இடத்தை அடைய நமக்கு இசை வேண்டியிருக்கிறது.

அப்பர் பாடியதாக நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த தேவாரம் ஒன்று உண்டு. சுண்ணாம்புக் காளவாயில் அவரை அடைத்தபோது பாடியது என்பார்கள். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு ரீங்கரிக்கும் பொய்கை என்று இறைவனின் நிழலுக்கு உவமை அடுக்கும்போது முதலில் வைத்தது வீணையைத்தான். கேட்டு முடித்த பின் வருகிற அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசை நினைவுக்கு வரும்.

சில சந்தேகங்கள்

தூக்கம் வந்தால்? தூங்குங்கள். உடம்புக்கு முதலில் அதுதான் வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

ஒரே கவலை திரும்பத் திரும்ப வந்தால்? பகற்கனவு இடம் மாறிக்கொண்டே இருக்கும், கவலை ஒரே இடத்தைச் சுற்றும். பத்து நிமிடமாக அதே சண்டை ஓடுகிறது என்றால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். பல நாளாக அப்படியே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், இசையை நம்பிக் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பிள்ளைகளோடு உட்காரலாமா? தாராளமாக. ஐந்து நிமிடம் போதும். "என்ன நினைச்ச?" என்று கேட்டுத் துளைக்காதீர்கள். சொல்ல வேண்டியதை அவர்களே இரவு சாப்பாட்டு நேரத்தில் சொல்வார்கள்.

மூன்றாவது வாரம் இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிப் பாருங்கள். நம் வழித்தடத்துத் தனியார் பஸ்களில் எப்படியும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை நாள் பழகியதற்கு அதுவே போதும். கடலூரிலிருந்து வருகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மாலையில் திரும்பும்போது இடப்பக்கம். சுண்ணாம்பாறு கடலை நோக்கி அகன்று போவது அந்தப் பக்கம்தான் தெரியும்.